வீடு நிறைய ஆள், நடுவில் ஒரு குழந்தை

கோடை விடுமுறை வந்துவிட்டால் இந்தப் பகுதிக்கு வரும் கடிதங்களின் தொனியே மாறிவிடும். மற்ற மாதங்களில் பல் முளைப்பது, சளி, பேச்சு வரவில்லை என்று கேட்பவர்கள், இந்த மாதத்தில் 'வந்தவர்கள் எப்போது கிளம்புவார்கள்' என்பதை மட்டும் விட்டுவிட்டு மற்ற எல்லாவற்றையும் கேட்கிறார்கள். பாதிக் கடிதங்களில் குழந்தையைப் பற்றி ஒரு வரிதான், மீதி ஒன்றரைப் பக்கமும் உறவுக்காரர்கள். தப்பில்லை, எழுதித் தீர்த்துக்கொள்ளுங்கள், ஆனால் அச்சில் போடுகிறபோது கொஞ்சம் வெட்டித்தான் போட வேண்டியிருக்கிறது.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நானும் இப்போது விருந்தாளிக் கட்சிக்குப் போய்விட்டவள்தான். மகள் வீட்டுக்கு வருஷத்துக்கு இரண்டு தடவை போய், பேரனின் தூக்கத்தைக் கெடுத்துவிட்டு, 'அவன் என்னோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டான் தெரியுமா' என்று பெருமையாகத் திரும்பி வருகிற பாட்டி. அதனால் இரண்டு பக்கத்து நியாயமும் எனக்குத் தெரியும், இரண்டு பக்கத்து அநியாயமும் தெரியும்.

கேள்வி: என் பையனுக்கு ஒன்றரை வயது. வழக்கமாக இரவு எட்டு மணிக்குத் தூங்கிவிடுவான். கணவர் வீட்டிலிருந்து எட்டுப் பேர் வந்து பத்து நாள் ஆகிறது, இன்னும் பத்து நாள் இருப்பார்கள். இரவு பதினொன்று வரை வீட்டில் பேச்சும் சிரிப்பும்தான். பகலில் அவன் தூங்கப் போகும் நேரம் பார்த்து யாராவது தூக்கிக்கொண்டு போய்விடுகிறார்கள். இப்போது ராத்திரி மூன்று தடவை எழுந்து அழுகிறான், பகல் முழுக்கச் சிணுங்கல், தொட்டதற்கெல்லாம் அடம். 'உன் பிள்ளைக்குப் பிடிவாதம் ஜாஸ்தி' என்று எனக்கே சொல்கிறார்கள். வாயைத் திறந்தால் பிரச்சினை, திறக்காவிட்டால் நான் ஒரு வழி ஆகிவிடுவேன்.
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட ஓர் அம்மா)

பதில்: பிடிவாதம் இல்லை, தூக்கம் பற்றாக்குறை. 1 முதல் 2 வயது வரையான குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு 11 முதல் 14 மணி நேரம் வேண்டும். எட்டு மணிக்குத் தூங்கியவன் பதினொன்றுக்குத் தூங்கி, காலையில் ஊர் எழுந்திருக்கும் சத்தத்தில் வழக்கமான நேரத்துக்கே விழித்து, பகல் தூக்கமும் போய்விட்டால் நாளைக்கு மூன்று நான்கு மணி நேரம் கடன். பத்து நாளைக்குக் கணக்குப் போட்டுப் பாருங்கள். பெரியவர்கள் நமக்கே அந்தக் கடன் ஏறினால் வீட்டில் யாரோடாவது சண்டை வரும், அவனுக்கு ஒன்றரை வயது.

இதில் பெரியவர்கள் ஏமாறுகிற இடம் ஒன்று இருக்கிறது. களைத்துப்போன குழந்தை நம்மைப் போலச் சோர்ந்து உட்காராது. களைப்பு அளவு மீறினால் துள்ளும், ஓடும், காரணமில்லாமல் சிரிக்கும், அப்புறம் அதே வேகத்தில் அழும். பத்து மணிக்குக் கூடத்தில் அவன் ஆடுகிற ஆட்டத்தைப் பார்த்துவிட்டு 'பாரு, இவனுக்குத் தூக்கமே வரல' என்று எல்லோரும் கை தட்டுவார்கள். நானும் தட்டியிருக்கிறேன். மகள் என்னைப் பார்த்த பார்வை இன்னும் ஞாபகம் இருக்கிறது.

எல்லாவற்றையும் பிடித்து நிறுத்த முயற்சி செய்யாதீர்கள், நடக்காது. இரண்டை மட்டும் பிடித்துக்கொள்ளுங்கள்: பகலில் ஒரு தூக்கம், இரவில் படுக்கைக்குப் போகும் நேரம். குளியல் தள்ளிப்போனால் போகட்டும், சாப்பாடு அரை மணி பிந்தினால் பிந்தட்டும், யார் மடியில் உட்கார்ந்து என்ன கதை கேட்டால் என்ன. பகல் தூக்கம் இந்த வயதில் பெரும்பாலும் ஒன்றாகச் சுருங்கியிருக்கும், அதையும் விட்டுவிட்டால் சாயங்காலம் முழுக்க நரகம்.

யார் சொல்வது என்பதுதான் உங்கள் நிஜமான கேள்வி என்று நினைக்கிறேன். உங்கள் கணவர் சொல்ல வேண்டும். அவர் வீட்டு ஆட்கள், அவர் சொன்னால் அது செய்தி, நீங்கள் சொன்னால் அது குற்றச்சாட்டு. அதுவும் எல்லோரும் கூடியிருக்கும்போது சபையில் அறிவிப்பது போல இல்லாமல், வந்தவர்களில் எல்லோரும் பேச்சுக்குக் கட்டுப்படுகிற ஒருவர் இருப்பார் இல்லையா, பெரியம்மாவோ அத்தையோ, அவரிடம் தனியாக. 'அவனைத் தூங்கவைக்கிற பொறுப்பை இன்றைக்கு நீங்கள் எடுத்துக்கொள்கிறீர்களா அத்தை, ஏழரைக்கு விளக்கைக் குறைத்துவிட்டுக் கதை சொன்னால் போதும்' என்று. தூக்கத்துக்குத் தடையாக இருந்தவரே காவல்காரர் ஆகிவிடுவார். அப்புறம் கூடத்தில் யார் சத்தம் போட்டாலும் அவரே வந்து அதட்டுவார், நீங்கள் வேடிக்கை பார்க்கலாம். என் மகள் என்னிடம் செய்தது இதுதான், இரண்டு வருடம் கழித்துத்தான் எனக்கே புரிந்தது.

இன்னொன்று, வெயில் காலத்தில் ராத்திரி எழுவதற்குச் சூடும் காரணமாக இருக்கும். ஆள் நிறைந்த வீட்டில் அவனையும் நாலு பேர் நடுவில் படுக்கவைத்திருப்பீர்கள். கையையும் காலையும் தொட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், பின்கழுத்தைத் தொட்டுப் பாருங்கள். வியர்த்துப் பிசுபிசு என்று இருந்தால் உடுப்பைக் குறையுங்கள், அவனைக் காற்றுப் படும் ஓரத்துக்கு மாற்றுங்கள். எல்லோரும் போன பிறகு பழைய வழக்கம் திரும்ப ஒரு வாரம் ஆகலாம், முதல் இரண்டு நாள் மோசமாகவே இருக்கும். தயாராக இருங்கள்.

கேள்வி: என் பேத்திக்கு 14 மாதம். நாங்கள் வேறு ஊரில் இருப்பதால் பிறந்தபோது பார்த்தது, அப்புறம் வீடியோ காலில்தான். போனில் என்னைப் பார்த்தால் சிரிப்பாள், கை காட்டுவாள். நேரில் போனதும் என்னைப் பார்த்தாலே அலறுகிறாள். என் மனைவியிடம் ஒரே நாளில் போய்விட்டாள். நான் என்ன பாவம் செய்தேன்?
(ஒரு தாத்தா)

பதில்: ஐயா, நீங்கள் பாவம் எதுவும் செய்யவில்லை, அவசரப்பட்டிருப்பீர்கள், அவ்வளவுதான். எட்டு ஒன்பது மாதத்தில் ஆரம்பிக்கும் இந்தப் புது முகப் பயம், அம்மாவை விட்டுப் பிரியும் பயத்தோடு சேர்ந்து ஒன்றரை வயது வாக்கில்கூட நன்றாக இருக்கும். தன்னுடைய ஆட்கள் யார், மற்றவர் யார் என்று பிரித்துப் பார்க்க மூளை கற்றுக்கொண்டதன் அடையாளம் அது. போனில் நீங்கள் உள்ளங்கை அளவு, சத்தமும் கொஞ்சம். நேரில் ஆறடி உயரம், கனத்த குரல், கண்ணாடி, மீசை, அதுவும் நேராக அவளை நோக்கிக் கையை நீட்டிக்கொண்டு வருகிறீர்கள். பாட்டி சமையலறையில் வேலையைப் பார்த்துக்கொண்டு, அவளைக் கண்டுகொள்ளாமல் இருந்திருப்பார். அதுதான் ரகசியம், வேறு ஒன்றும் இல்லை.

தரையில் உட்காருங்கள். முட்டி இடம் கொடுக்காவிட்டால் தாழ்வான நாற்காலி. அவளைப் பார்க்காதீர்கள், கூப்பிடாதீர்கள். கையில் இரண்டு டப்பாவை வைத்துக்கொண்டு ஒன்றுக்குள் ஒன்றைப் போட்டு எடுத்துக்கொண்டிருங்கள், உங்கள் பாட்டுக்கு. அவள் அம்மா பக்கத்தில் இருக்கட்டும். பத்து நிமிடத்திலோ மறுநாளோ அவளே வந்து ஒரு டப்பாவை எடுப்பாள். அப்போதும் தூக்காதீர்கள்! அந்த இடத்தில்தான் எல்லாத் தாத்தாக்களும் தோற்றுப்போகிறார்கள். வீட்டில் மற்றவர்கள் 'தாத்தாகிட்ட போ, போ' என்று தள்ளினால் நீங்களே தடுத்துவிடுங்கள். நாலு நாள் பொறுங்கள். ஐந்தாம் நாள் நீங்கள் கழிப்பறைக்குப் போனால்கூடக் கதவைத் தட்டிக்கொண்டு நிற்பாள், அப்போது எனக்கு இன்னொரு கடிதம் எழுதுவீர்கள்.

கேள்வி: வந்தவர்கள் ஆளாளுக்கு என் 10 மாதப் பெண்ணின் வாயில் எதையாவது வைக்கிறார்கள். 'ஒரு சொட்டுத் தேன்தானே' என்கிறார்கள். விடலாமா?
(ஓர் இளம் அம்மா)

பதில்: கூடாது. தேனில் போட்டுலிசம் நோயை உண்டாக்கும் கிருமியின் விதைகள் இருக்க வாய்ப்புண்டு. பெரியவர்கள் வயிற்றில் அவை ஒன்றும் செய்யாது, ஒரு வயது நிரம்பாத குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சை உண்டாக்கிவிடலாம். காய்ச்சிக் கொடுத்தாலும் அந்த விதை சாகாது. ஒரு வயது வரை ஒரு சொட்டும் வேண்டாம், இதில் யாருக்கும் தாட்சண்யம் பார்க்க வேண்டியதில்லை. முழுத் திராட்சையும் முழுக் கொட்டைப் பருப்பும் மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியவை, திராட்சையை நீளவாக்கில் நாலாக நறுக்கித்தான் கொடுக்க வேண்டும், முழுக் கொட்டைகளைக் குறைந்தது 4 வயது வரை தள்ளிவையுங்கள். 'டாக்டர் சொன்னார்' என்று சொல்லுங்கள். டாக்டர்கள் எதற்கு இருக்கிறார்கள்?

கேள்வி: பையனுக்கு ஒரு வயதும் எட்டு மாதமும். வந்ததிலிருந்து என் மாமியாரும் அவருடைய தங்கையும் 'இளைச்சுப் போயிட்டானே, இளைச்சுப் போயிட்டானே' என்றுதான் பேச்சு. தட்டை எடுத்துக்கொண்டு வீடு முழுக்கத் துரத்துகிறார்கள். அவன் மூன்று வாய் வாங்கிவிட்டு ஓடுகிறான், வாயைப் பொத்திக்கொள்கிறான். சாப்பாட்டு நேரம் வந்தாலே எனக்கு வயிறு கலங்குகிறது. நிஜமாகவே இளைத்திருக்கிறானோ என்று எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது.
(மூன்று பக்கக் கடிதத்தின் சுருக்கம்)

பதில்: கணக்கைப் பாருங்கள். பிறக்கும்போது மூன்று கிலோ இருந்த குழந்தை ஒரு வயதில் ஏறக்குறைய ஒன்பது கிலோ ஆகிறது, அதாவது எடை மூன்று மடங்கு. இரண்டாவது வருடம் முழுக்கச் சேர்த்து அது ஏறப்போவது சுமார் 2 முதல் 2.5 கிலோதான். வளர்ச்சி அப்படி மெதுவாகும்போது பசியும் குறையும், அது இயற்கை. அதோடு நடக்க ஆரம்பித்துவிட்டான், உயரமும் ஏறுகிறது, கன்னத்துச் சதை வடிகிறது. போன கோடையில் பார்த்த உருண்டைக் குழந்தையை மனதில் வைத்துக்கொண்டு வந்த பாட்டிக்கு அவன் இளைத்தவனாகத்தான் தெரிவான். வெயில் வேறு, நமக்கே சாப்பாடு இறங்குவதில்லை.

சந்தேகம் தீர வேண்டுமானால் வாயால் தீராது, வளர்ச்சி அட்டையால்தான் தீரும். மருத்துவரிடம் எடையும் உயரமும் பார்த்து அட்டையில் புள்ளி வைக்கச் சொல்லுங்கள். அவனுடைய கோட்டை ஒட்டியே ஏறிக்கொண்டிருந்தால் சரி. கோட்டை விட்டுக் கீழே இறங்கினாலோ, விளையாட்டில் சுறுசுறுப்புக் குறைந்தாலோ அப்போது கவலைப்படலாம். இந்த அட்டையை மாமியார் கையிலேயே கொடுத்து, முடிந்தால் அவரையே மருத்துவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். நீங்கள் பத்து நாள் பேசியும் நடக்காதது பத்து நிமிடத்தில் நடக்கும்.

பால் எவ்வளவு குடிக்கிறான் என்று நீங்கள் எழுதவில்லை. சாப்பிடவில்லையே என்று ஆளுக்கொரு டம்ளர் பால் கொடுக்கிற வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஒரு வயதுக்கு மேல் ஒரு நாளைக்கு 500 மில்லி அளவோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அதற்கு மேல் போனால் வயிறு பாலிலேயே நிரம்பிவிடும், சாப்பாடு இறங்காது, இரும்புச் சத்துக் குறைந்து சோகை வரவும் வழி உண்டு. பிஸ்கட்டும் பழச்சாறும் இதே வேலையைச் செய்யும். வீட்டில் பத்துப் பேர் இருந்தால் பத்துக் கையிலிருந்தும் ஏதாவது போய்க்கொண்டே இருக்கும், சாயங்காலம் 'ஒன்றுமே சாப்பிடவில்லை' என்று பேச்சு வரும். ஒரு நாள் அவன் வாய்க்குள் போனதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

துரத்துவதை நிறுத்த ஒரே வழி, அவனைப் பெரியவர்களோடு சேர்த்து உட்காரவைப்பது. என்ன கொடுப்பது, எப்போது கொடுப்பது என்பது உங்கள் கையில், எவ்வளவு சாப்பிடுவது என்பது அவன் கையில். எதிரே பாட்டி உட்கார்ந்து தன் தட்டில் தான் சாப்பிடட்டும், அவனுக்கு ஊட்ட வேண்டாம், அவன் தட்டைப் பார்க்கவும் வேண்டாம். பாதி தரையில் போகும். போகட்டும். இருபது நிமிடத்துக்கு மேல் இழுக்காதீர்கள், எழுந்து போனால் தட்டை எடுத்துவிடுங்கள், அடுத்த வேளை வரை தண்ணீர் மட்டும். இது கேட்பதற்கு இரக்கமில்லாதது போல இருக்கும், வீட்டில் எதிர்ப்பும் வரும். மூன்று நாள் தாக்குப்பிடித்தால் போதும்.

கேள்வி: உடம்பெல்லாம் வியர்க்குரு. பவுடர் கொட்டலாமா? ஆறு மாதம் ஆகாத தங்கைப் பாப்பாவுக்கு இந்த வெயிலில் தண்ணீர் கொடுக்கச் சொல்கிறார்கள்.

பதில்: பவுடர் வேண்டாம். வியர்வைத் துளை அடைபட்டுத்தான் வியர்க்குரு வருகிறது, அதன் மேல் இன்னும் ஏன் பூச வேண்டும்? கொட்டும்போது கிளம்பும் தூளைக் குழந்தை மூச்சில் இழுப்பதும் நல்லதில்லை. கெட்டியான எண்ணெய், க்ரீம் எல்லாம் அதே கதைதான். தளர்ந்த பருத்தி உடுப்பு, குளிர்ந்த நீரில் துடைத்தல், காற்று. ஆள் மாற்றி ஆள் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டே இருந்தால் வியர்க்குரு போகாது, கொஞ்ச நேரம் கீழே விடுங்கள். சீழ் வைத்தாலோ காய்ச்சல் வந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

ஆறு மாதம் ஆகாத குழந்தைக்குத் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலிலேயே அது இருக்கிறது, அடிக்கடி கொடுத்தால் போதும். மூத்ததற்குத்தான் தண்ணீர் நினைவூட்ட வேண்டும், விளையாட்டு மும்முரத்தில் கேட்காது. கூட்டம் கூடின வீட்டில் வயிற்றுப்போக்கு ஒருவருக்கு வந்தால் வரிசையாக வரும், அதனால் உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட் நாலு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பாக்கெட்டில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில்தான் கலக்க வேண்டும், பாதிப் பாக்கெட் பாதி டம்ளர் என்று கண்ணளவு கூடாது. 2 வயதுக்குக் கீழே இருந்தால் ஒவ்வொரு தடவை போன பிறகும் 50 முதல் 100 மில்லி, 2 வயதுக்கு மேல் 100 முதல் 200 மில்லி. வாந்தியும் இருந்தால் ஸ்பூன் ஸ்பூனாக. ஆறு மணி நேரமாகச் சிறுநீரே போகவில்லை, அழுதால் கண்ணீர் வரவில்லை, நாக்கு வறண்டிருக்கிறது, எழுப்பினாலும் துவண்டு விழுகிறது என்றால் வீட்டில் ஆலோசனைக் கூட்டம் போடாமல் மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.

கேள்வி: போன வாரம் நடந்தது. வந்திருந்த பெரியப்பாவின் பை கட்டில் மேல் இருந்தது. என் இரண்டு வயது மகள் அதிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துப் பிரித்துக்கொண்டிருந்தாள். நல்லவேளை, வாயில் போடவில்லை. கூடத்தில் ஏழு பேர் இருந்தோம். ஏழு பேரும் பார்க்கவில்லை. பெரியப்பாவிடம் பையை மேலே வையுங்கள் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவர் மனது நொந்துபோகும்.
(கை நடுங்க எழுதுகிறேன் என்று தொடங்கிய கடிதம்)

பதில்: ஏழு பேர் இருந்ததால்தான் யாரும் பார்க்கவில்லை. தனியாக இருந்திருந்தால் உங்கள் கண் அவள் மேலேயே இருந்திருக்கும். ஏழு பேர் இருக்கிறபோது ஒவ்வொருவரும் மற்ற ஆறு பேர் பார்த்துக்கொள்வார்கள் என்று நினைக்கிறோம்.

பெரியப்பா மனதைப் பற்றி யோசிக்காதீர்கள், அந்த மாத்திரை உள்ளே போயிருந்தால் அவர் மனது என்ன பாடுபட்டிருக்கும் என்று யோசியுங்கள். சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் பெரியவர்கள் சாப்பிடும் சில மாத்திரைகளில் ஒன்றிரண்டே சின்னக் குழந்தைக்கு உயிர் ஆபத்து. வீட்டு மருந்தை நாம் அலமாரியில் உயரத்தில் வைத்திருப்போம். விருந்தாளியின் மருந்து தரையில், கட்டிலில், தலையணைக்கு அடியில், கைப்பையில் இருக்கும், அவர் வீட்டில் இரண்டு வயதுக் குழந்தை இல்லையே. அவர்கள் வந்து இறங்கியதுமே, தண்ணீர் கொடுக்கிற கையோடு, 'பையை எல்லாம் இந்த மேல் தட்டில் வைத்துவிடலாம் பெரியப்பா, இவள் எல்லாவற்றையும் பிரித்துப் போட்டுவிடுவாள்' என்று நீங்களே வாங்கி வைத்துவிடுங்கள். பழியைக் குழந்தை மேல் போட்டால் யார் மனதும் நோகாது.

பையில் மாத்திரை மட்டும் இல்லை. காது கேட்கும் கருவியின் பேட்டரி, சின்ன ரிமோட்டின் பட்டன் பேட்டரி, இவை விழுங்கப்பட்டுத் தொண்டையில் சிக்கினால் இரண்டு மணி நேரத்துக்குள் உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். விழுங்கியிருக்கலாம் என்று சந்தேகம் வந்தாலே மருத்துவமனைதான், வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. மாத்திரை என்றால் அந்த அட்டையையும் கையோடு எடுத்துப் போங்கள்.

அப்புறம் தண்ணீர். ஆள் அதிகம் என்று வாளி வாளியாகப் பிடித்து வைத்திருப்பீர்கள். ஐந்து சென்டிமீட்டர் தண்ணீர் போதும், தலைகுப்புற விழுந்த குழந்தையால் எழ முடியாது, சத்தமும் வராது. குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள், வேலை முடிந்த வாளியைக் கவிழ்த்துவைப்பது, இந்த இரண்டையும் வந்தவர்களிடம் தயங்காமல் சொல்லுங்கள். வண்டியில் கூட்டமாகப் போய்த் திரும்பும்போதும் இதே கதைதான்: குழந்தை பின்சீட்டில் தூங்கிவிட்டது என்று 'ஒரு நிமிஷம்' விட்டுவிட்டு இறங்காதீர்கள். வெயிலில் நிற்கும் காரின் உள்ளே பத்தே நிமிடத்தில் வெப்பம் சுமார் 10 டிகிரி செல்சியஸ் ஏறிவிடும், கண்ணாடியை ஓர் அங்குலம் இறக்கி வைத்தாலும் பெரிய வித்தியாசம் இல்லை. குழந்தையின் உடம்பு பெரியவர் உடம்பைவிட வேகமாகச் சூடாகும்.

எங்கள் வீட்டில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். யார் எழுந்து போனாலும் இன்னொருவர் முகத்தைப் பார்த்து 'இப்போ இவன் உங்க பொறுப்பு' என்று சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும், அவர் 'சரி' என்று வாயால் சொல்ல வேண்டும். தலையாட்டினால் செல்லாது. முதல் நாள் எல்லோரும் கேலி செய்தார்கள். மூன்றாம் நாள் என் கணவர் பல் தேய்க்கப் போகும்போதுகூடச் சொல்லிவிட்டுப் போனார்.

கேள்வி: என் பையனுக்கு இரண்டரை, நாத்தனார் பெண்ணுக்கு இரண்டு வயது. ஒரு பொம்மைக்கு இருவரும் அடித்துக்கொள்கிறார்கள். என் பையன் நேற்றுக் கடித்தேவிட்டான். 'பகிர்ந்து விளையாடத் தெரியாதா உனக்கு' என்று எல்லோர் முன்னாலும் அவனைத் திட்டினேன். நாத்தனார் முகம் இன்னும் சரியாகவில்லை.

பதில்: தெரியாதுதான். இரண்டு வயதில் குழந்தைகள் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து தனித்தனியாக விளையாடும், சேர்ந்து விளையாடாது. 'என்னுடையது' என்ற எண்ணமே இப்போதுதான் முளைத்திருக்கிறது, அதைக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கலாம் என்கிற நம்பிக்கை மூன்று வயதுக்கு மேல்தான் மெல்ல வரும். கடிப்பதும் அப்படித்தான், சொல்லத் தெரியாத வார்த்தைக்குப் பதிலாக வருவது. உடனே பிரித்து, 'கடிக்கக் கூடாது, வலிக்கும்' என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு, முதலில் கடிபட்டவளைக் கவனியுங்கள், அவனைத் திரும்பக் கடித்துக் காட்டுகிற வைத்தியத்தை யாராவது சொன்னால் காதில் வாங்காதீர்கள். அவனுக்கு உயிரான இரண்டு மூன்று பொம்மைகளை அவர்கள் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுங்கள், மற்றதில் ஒரே மாதிரி இரண்டு இருப்பவற்றை வெளியே போடுங்கள். தண்ணீரும் கிண்ணமும் கொடுத்து, பக்கத்திலேயே ஒரு பெரியவர் உட்கார்ந்துகொண்டால் அதற்கு ஈடான விளையாட்டு கோடையில் வேறு கிடையாது. நாத்தனாரிடம் இன்றைக்கே போய் மன்னிப்புக் கேளுங்கள், நீட்ட வேண்டாம். அவர் பெண் அடுத்த வருஷம் யாரையாவது கடிப்பாள்.

கேள்வி: பெரிய பிள்ளைகள் போனோடு உட்கார்கிறார்கள், நடுவில் என் ஒன்றரை வயதுக் குழந்தையும். விடலாமா?

பதில்: உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது: 2 வயதுக்குக் கீழே திரை முன்னால் உட்காரவைக்க வேண்டாம், 2 முதல் 4 வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், அதிலும் குறைந்தால் நல்லது. தாத்தாவோடு வீடியோ காலில் பேசுவதை நான் இதில் சேர்க்க மாட்டேன். கூட்டமான வீட்டில் ஒரு நாள் அரை மணி பார்த்துவிட்டான் என்றால் தலை போகாது, ஆனால் சாப்பாட்டு நேரத்திலும் தூங்கும் முன்னாலும் கண்டிப்பாக வேண்டாம். பெரிய பிள்ளைகளுக்கு வேறு அறை கொடுங்கள், கதவைச் சாத்திக்கொள்ளட்டும்.

கேள்வி: இது மறுபக்கத்துக் கேள்வி. எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அடுத்த வாரம் அக்கா வீட்டுக்குப் போகிறேன், அவளுக்கு ஒன்றே கால் வயதுப் பையன். போன தடவை நான் கிளம்பும்போது அக்கா அழுதாள். பாசம் என்று நினைத்தேன். அப்புறம் அம்மா சொல்லித்தான் தெரிந்தது, களைப்பில் அழுதிருக்கிறாள். இந்தத் தடவை என்ன செய்யட்டும்?
(ஒரு சித்தி)

பதில்: இந்த மாதம் வந்ததிலேயே எனக்குப் பிடித்த கடிதம் இதுதான். கேட்டதற்கே உனக்குப் பாதிப் புண்ணியம். 'நீ' என்று எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போய்ச் சேரும் நேரம் அவன் பகல் தூக்க நேரமாக இருக்கக் கூடாது, முன்னாடியே கேட்டுக்கொள். சளியோ காய்ச்சலோ இருந்தால் பயணத்தைத் தள்ளிப்போடு. போனதும் கையைக் கழுவிவிட்டு அவனைத் தேடாதே, அக்காவைப் பார். 'என்ன உதவி வேண்டும்' என்று கேட்காதே, எந்த அக்காவும் 'ஒன்றும் வேண்டாம், நீ உட்காரு' என்றுதான் சொல்வாள். வேலையை நீயாகப் பிடித்துக்கொள்: துணி மடிப்பது உன்னுடையது, அல்லது சாயங்காலப் பாத்திரம் உன்னுடையது, அங்கே இருக்கிற நாள் முழுக்க. ஒரே வேலை போதும், ஆனால் நினைவுபடுத்தாமல் நடக்க வேண்டும்.

காலையில் அவன் ஆறு மணிக்கு எழுந்தால் நீ எழுந்து அவனை வெளியே கூட்டிக்கொண்டு போ, வெயில் ஏறும் முன்னால் ஒரு சுற்று. அக்கா அந்த ஒரு மணி நேரம் தூங்கட்டும். அவள் அவனைக் கண்டித்துக்கொண்டிருக்கும்போது நடுவில் புகுந்து அவனைத் தூக்காதே, எனக்கு இது இன்னும் வராத வித்தை. சத்தம் போடுகிற பொம்மை வாங்கிப் போகாதே. வாங்கியே விட்டாயானால் பேட்டரியை உன் பையில் வைத்துக்கொண்டு மறந்துவிட்டேன் என்று சொல், அந்தப் பை எங்கே இருக்க வேண்டும் என்று மேலே எழுதியிருக்கிறேன்.

கிளம்புகிற அன்றைக்கு அவன் தூங்கும்போது சொல்லாமல் நழுவிவிடாதே. விழித்ததும் வீடு முழுக்க உன்னைத் தேடுவான், அப்புறம் இரண்டு நாளைக்கு அக்காவின் புடவையை விடமாட்டான், குளிக்கப் போனாலும் வாசலில் உட்கார்ந்து அழுவான். கை காட்டி, 'சித்தி போயிட்டு வர்றேன்' என்று சொல்லிவிட்டுக் கிளம்பு. அழுவான், அழட்டும், ஐந்து நிமிடம். நீ படுத்த விரிப்பைத் துவைத்துக் காயப்போட்டுவிட்டுப் போனால் அக்கா போன் பண்ணி அழுவாள். இந்தத் தடவை அது பாசம்தான்.